மடியில் 230 கிராம்: டாப்ஸுக்குப் பாக்கெட் வைத்த கதை

நேற்று காலை குரோம்பேட்டையில் ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கும் வரை ஃபோனைக் கையில் பிடிக்கவே இல்லை. பல்லாவரத்தில் கூட்டம் ஏறியது, பரங்கிமலையில் இன்னும் ஏறியது, ஒரு கையில் மேல் கம்பி, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை, ஃபோன் அது பாட்டுக்கு இடுப்பில் தொங்கிக்கொண்டு வந்தது. ஆண்களுக்கு இது ஒரு சேதியே இல்லை என்று தெரியும். எனக்கு இந்த இடத்துக்கு வர ஏழு வாரம், ஒரு நல்ல ரேயான் டாப்ஸ், ஒரு சுமாரான காட்டன் டாப்ஸ், அப்புறம் அம்மாவிடம் வாங்கிய திட்டு எல்லாம் செலவானது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் அளவு. என் ஃபோன் கவரோடு சேர்த்து ஆறரை இஞ்ச் நீளம், மூன்றே கால் இஞ்ச் அகலம். சமையலறைத் தராசில் வைத்தால் 230 கிராம். வீட்டுச் சாவியும் ரயில் பாஸ் வைக்கும் சின்ன உறையும் சேர்ந்தால் முன்னூறைத் தொடும். இந்த எடையை முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் ஆரம்பத்தில் நான் நீள அகலத்தை மட்டும்தான் பார்த்தேன், எடை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

தெருமுனை டெய்லரிடம்தான் முதலில் போனேன். "லேடீஸ் டாப்ஸுல பாக்கெட் வெச்சா ஷேப் போயிடும்மா" என்றார். பரவாயில்லை அண்ணா, வையுங்கள் என்றேன். 120 ரூபாய், ஒன்பது நாள். வந்த பாக்கெட்டின் ஆழம் நாலு இஞ்ச். ஃபோன் பாதிக்கு மேல் வெளியே எட்டிப் பார்த்தது. கேட்டால், "கர்ச்சீப்புக்குன்னு நெனச்சேன்மா" என்கிறார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2018-இல் தி புடிங் என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. ஆண்களுடையதைவிடப் பெண்களின் முன் பாக்கெட் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, அகலம் 6.5 சதவீதம் குறைவு. ஜீன்ஸுக்கே அந்தக் கதி என்றால் 599 ரூபாய் டாப்ஸுக்கு என்ன இருக்கப்போகிறது?

சரி, நாமே தைப்போம் என்று அம்மாவின் பழைய உஷா கால் மிஷினைத் தூசி தட்டினேன். பெல்ட் தளர்ந்திருந்தது, புதுசு 80 ரூபாய். எண்ணெய் 30. பாபின் கேஸில் பத்து வருஷப் பஞ்சு. அதைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஊசி மட்டும் ஏற்கெனவே போட்டிருந்ததை அப்படியே விட்டேன். அது 16-ஆம் நம்பர், திரைச்சீலை தைக்க அம்மா போட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் முயற்சி மேலே ஒட்டித் தைக்கும் பாக்கெட், சட்டையில் இருக்குமே, அது. ஏழு இஞ்ச் அகலம், எட்டரை இஞ்ச் நீளம் வெட்டி, மேல் ஓரத்தை ஒரு இஞ்ச் மடித்து அடித்து, மற்ற மூன்று பக்கமும் அரை இஞ்ச் மடித்து அயர்ன் பண்ணி, வலது தொடைக்கு மேலாக வைத்துத் தைத்தேன். ஒரு மணி நேர வேலை. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. என் பெண் பார்த்துவிட்டு, "மா, கண்டக்டர் பை மாதிரி இருக்கு" என்றாள். எட்டாவது படிக்கிறாள், வாய் அதிகம்.

தோற்றம் போகட்டும். ஸ்டேஷன் படி ஏறும்போது ஃபோன் ஒவ்வொரு படிக்கும் தொடையில் அடித்தது. குனிந்தால் முன்னால் சாய்ந்து விழப் பார்த்தது. மூன்றாம் நாள் மேல் மூலை பிரிந்தது. தையல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, தையல் அப்படியே இருக்கிறது, அதன் ஓரமாக டாப்ஸ் துணிதான் கிழிந்திருந்தது. மொத்த எடையும் இரண்டு மூலைகளில்தான் தொங்குகிறது என்பது அந்தக் கிழிசலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இந்த மூலைக் கிழிசலுக்குப் பெரிய கதை உண்டு. அமெரிக்காவின் நெவாடாவில் ரினோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு டெய்லர். தன் புருஷனுக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி அவரிடம் வந்து கேட்டார். டேவிஸ் பாக்கெட் மூலைகளில் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அது பிடித்துப்போய் ஆர்டர் குவிய, துணி கொடுத்துவந்த லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1873 மே 20-இல் காப்புரிமை வாங்கினார். உலகம் முழுக்க ஜீன்ஸில் இருக்கும் அந்தச் சின்னச் செம்புப் பொட்டுக்குக் காரணம் அழகு இல்லை, மூலை கிழிவதுதான். என் காட்டன் டாப்ஸில் ரிவெட் அடிக்க முடியாது. உள்பக்கம் ஒரு இஞ்ச் சதுரத்துக்குக் கெட்டித் துணி ஒட்டு வைத்து, மூலையில் முக்கோணமாகக் கெட்டித் தையல் போட்டேன். கிழிசல் நின்றது. தொடையில் அடிப்பது நிற்கவில்லை. அந்த டாப்ஸ் இப்போது வீட்டில் துணி காயப்போடும்போது கிளிப் வைக்கப் பயன்படுகிறது, அதற்கு மிக நல்ல பாக்கெட்.

இரண்டாவது முயற்சியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்யக்கூடிய எல்லாத் தப்பையும் அதில்தான் செய்தேன்.

திட்டம் சைடு தையலைப் பிரித்து உள்ளே பை வைப்பது. வெளியே ஒன்றும் தெரியாது. இதற்கு ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கருநீல ரேயான் டாப்ஸை எடுத்தேன். தோளிலிருந்து இடுப்பு 15 இஞ்ச், சைடு ஓப்பன் ஆரம்பிப்பது 22 இஞ்சில். ஆக எனக்குக் கிடைத்த இடம் ஏழு இஞ்ச்தான். அதற்குள் வாய் வைக்க வேண்டும். வாய் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு நான் வளையலை வைத்துக் கணக்குப் போட்டேன். எனக்கு 2.6 வளையல் சிரமமில்லாமல் ஏறும். வளையல் அளவில் அந்த ஆறு என்பது பதினாறில் ஆறு பங்கு, அதாவது விட்டம் இரண்டேகால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, சுற்றளவு சுமார் ஏழரை இஞ்ச். துணியைத் தட்டையாக வைத்தால் அதில் பாதி, மூன்றே முக்கால். இது கையைக் குவித்து நுழைக்க மட்டும். ஃபோனைப் பிடித்தபடி எடுக்க ஐந்தரை வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் கை மாட்டிக்கொண்டு ரயில் பெட்டியில் நடனம் ஆட வேண்டியதுதான்.

பைக்கு வீட்டில் மிச்சமிருந்த சாட்டின் லைனிங்கை எடுத்தேன். முதல் தப்பு. வழவழப்பாக இருந்தால் கை சுலபமாகப் போகும் என்று நினைத்தேன். கை சுலபமாகப் போயிற்று, ஃபோனும் சுலபமாக வெளியே வந்தது. ஆட்டோவில் உட்கார்ந்ததும் தானாக வழுக்கி சீட்டில் விழுந்தது. நல்லவேளை, இறங்கும்போது பார்த்தேன்.

ரெடிமேட் டாப்ஸில் உள்தையல் கால் இஞ்ச் மட்டுமே, அதுவும் ஓவர்லாக் போட்டது. அதைப் பிளேடால் பிரித்தேன். பத்து ரூபாய்க்குத் தையல் பிரிக்கும் கருவி கிடைக்கும்போது நான் ஏன் பிளேடைத் தொட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. இரண்டு இடத்தில் துணியே அறுந்தது. ரேயான் பிசிறு விட ஆரம்பித்தால் நிற்காது, கால் இஞ்ச் என்பது அரை மணி நேரத்தில் ஒரு நூல் அகலம் ஆகிவிட்டது. அதன் மேல் அந்த 16-ஆம் நம்பர் ஊசி. ஒவ்வொரு குத்துக்கும் ரேயானில் ஒரு இழை இழுத்து, தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஏணி மாதிரிக் கோடுகள். ரேயானுக்கு 11 போதும், காட்டனுக்கு 14. ஊசி பாக்கெட் 25 ரூபாய். டாப்ஸ் 749.

பைத் துண்டுகளைச் சைடில் பிடித்துத் தைத்து, ஓரம் சுற்றி அடித்து முடித்து, பெருமையாகத் திருப்பிப் பார்த்தால் வாயைக் காணோம். மேலிருந்து கீழ்வரை ஒரே தையலாக ஓட்டி, வாயையும் சேர்த்தே மூடித் தைத்திருக்கிறேன். அம்மா சோபாவில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் திருட முடியாது, நல்ல பாதுகாப்பு" என்றாள். பிரித்து மறுபடி தைத்தேன். பிரித்த இடத்தில் இன்னும் இரண்டு ஏணி.

அப்புறம்தான் உண்மையான பிரச்சினை ஆரம்பித்தது. பை முழுவதும் டாப்ஸ் துணியிலேயே தொங்குவதால் 230 கிராமும் வலது பக்கத்தை இழுத்தது. கழுத்து வலது பக்கம் சரிய, இடது தோள் பட்டி மேலே ஏற, நாள் முழுக்க ஒரு கையால் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். ஃபோனைப் பிடிக்க வேண்டாம் என்றுதானே பாக்கெட் வைத்தேன்? இப்போது கழுத்தைப் பிடிக்கிறேன். போதாக்குறைக்கு, பையின் அடிப்பகுதி சைடு ஓப்பனுக்குக் கீழே வருவதால், பிளாட்ஃபாரக் காற்றில் வெள்ளைச் சாட்டின் வெளியே வந்து நாக்கை நீட்டியது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் பயம் திருடனிடம் இல்லை, அந்த வெள்ளை நாக்கிடம்தான்.

இந்தக் கட்டத்தில் இரண்டு வாரம் எதையும் தொடவில்லை. நான் வேலை பார்ப்பது அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு பில்லிங்கில். அங்கே நாளுக்கு நூறு தடவை கண்ணில் படும் வார்த்தை 'அவுட் ஆஃப் பாக்கெட்'. காப்பீடு கொடுத்தது போக நோயாளி தன் கையிலிருந்து கட்டுவது. அதற்கு வருஷ உச்சவரம்புகூட உண்டு, 2025-இல் அங்கே அரசு விதித்தது தனி நபருக்கு 9,200 டாலர். நாள் முழுக்க அடுத்தவர் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போயிற்று என்று கணக்குப் பார்க்கிறேன், எனக்கு ஒரு பாக்கெட் இல்லை. இதற்கு நடுவில் டெக்சாஸிலிருக்கும் எங்கள் மேனேஜர், நாளை மதியம் தான் 'அவுட் ஆஃப் பாக்கெட்' என்று மெயில் போட்டார். ஐயோ பாவம், ஆஸ்பத்திரிச் செலவு போலிருக்கிறது என்று ஆறுதலாக ஒரு பதில் அடித்துவிட்டேன். அனுப்புவதற்குள் பக்கத்து சீட்டுத் தோழி கையைப் பிடித்துவிட்டாள். அங்கே சில பேர் பேச்சில் அதற்கு 'நான் கிடைக்க மாட்டேன், தொடர்பில் இருக்க மாட்டேன்' என்றும் அர்த்தமாம்.

வீட்டுக்கு வந்தால் பெண்ணின் ஆங்கில நோட்டில் டீச்சர் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். கடைக்குப் போய் ஒரு 'பாக்கெட்' பால் வாங்கினேன் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாள், சட்டைப் பாக்கெட்டின் ஸ்பெல்லிங்கில். நான் திட்டவில்லை. நமக்குப் பால் பாக்கெட்டும் சட்டைப் பாக்கெட்டும் ஒரே வார்த்தை, காதில் என்ன வித்தியாசம் தெரியும்? இரண்டின் கடைசியிலும் இருக்கும் அந்த 'எட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த 'சின்ன' என்ற ஒட்டு. பால் பாக்கெட் சின்ன மூட்டை, சட்டைப் பாக்கெட் சின்னப் பை, அந்தப் பெரிய பைக்கு அப்போது 'போக்' என்று பெயர். அன்று ராத்திரி அவளும் அவள் அப்பாவும் கேரம் ஆடினார்கள். "ரெட் காயினைப் பாக்கெட் பண்ணிட்டேன்" என்று கத்தினாள். "பண்ணு, ஆனா ஃபாலோ போடணும்" என்கிறார் அவர். குழியில் விழுந்தாலும் பாக்கெட், அடுத்தவர் காசை அமுக்கினாலும் பாக்கெட், விமானம் திடீரென்று தொப்பென்று இறங்கினால் அதுவும் ஏர் பாக்கெட். எனக்குத் தவிர ஊரில் எல்லாவற்றுக்கும் பாக்கெட் இருக்கிறது என்று நான் புலம்பினபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, நாங்கல்லாம் பாவாடையில பை வெச்சுத் தெச்சுக்கலையா? ஊருக்குப் போறப்ப பணமெல்லாம் அதுலதான். பொடவையில யாராவது பை தெப்பாங்களா?"

ஏழு வாரத்தில் முதல் தடவையாக உருப்படியான யோசனை. புடவை வெறும் திரை, எடை இடுப்பில் கட்டிய பாவாடை நாடாவில். பாட்டியின் சுருக்குப்பையும் அதே இடுப்பில் செருகியதுதான். நான் இவ்வளவு நாளும் திரையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தேடிப் படித்ததில், இங்கிலாந்திலும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பெண்கள் இதையேதான் செய்திருக்கிறார்கள். பாக்கெட் உடுப்பில் இல்லை, தனியாக ஒரு நாடாவில் கோத்து இடுப்பில் கட்டி, அதற்கு மேல் பாவாடை போட்டு, பாவாடைத் தையலில் விட்ட பிளவு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். 1790-களில் மெல்லிய, உடம்போடு ஒட்டிய உடுப்புகள் வந்தபோது உள்ளே பை புடைத்துத் தெரிந்ததால் அது ஒதுங்கி, கைப்பை வந்தது. மெல்லிய துணி, புடைக்கும் பை. என் ரேயான் கதைதான்.

நம் பக்கம் இதற்கு வார்த்தையே சாட்சி. முடிச்சவிழ்க்கி என்று மெட்ராஸில் திட்டுகிறோமே, முந்தானையிலோ வேட்டி ஓரத்திலோ காசு முடிந்திருந்த காலத்தில் அந்த முடிச்சை அவிழ்த்தவன் அவன். சட்டைக்கு ஜேபி வந்ததும் ஜேப்படித் திருடன் ஆனான், இப்போது பிக்பாக்கெட். தொழில் ஒன்றுதான், நாம் காசு வைக்கும் இடம் மாறமாற அவனுக்குப் பெயரும் மாறியிருக்கிறது.

சரி, மூன்றாவது முயற்சி. துணி வாங்கப் பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போயிருக்கலாம், அரை மீட்டருக்காக அவ்வளவு தூரம் வேண்டாம் என்று குரோம்பேட்டையிலேயே லைனிங் கடையில் கேட்டேன். "பேண்ட் பாக்கெட்டுக்குப் போடற துணி" என்றால் உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். நெருக்கமான நெசவு, கொஞ்சம் சொரசொரப்பு, வழுக்காது. கறுப்பில் அரை மீட்டர் 55 ரூபாய். கறுப்பு ஏன் என்றால் என் லெக்கிங்ஸ் முக்கால்வாசி கறுப்பு, வெளியே எட்டிப் பார்த்தாலும் லெக்கிங்ஸோடு போய்விடும். பருத்தி நாடா இரண்டு மீட்டர் 16 ரூபாய். டிச் பட்டன் ஒரு அட்டை 20 ரூபாய். துணியையும் நாடாவையும் முதலில் ஒரு தடவை நனைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணிய பிறகே வெட்டினேன். சுருங்கும் என்று அம்மா சொன்னாள், சுருங்கியது, நீளத்தில் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச்.

பையின் வெட்டு அளவு நீளம் 13, மேலே அகலம் ஐந்தரை, கீழே எட்டு இஞ்ச், அடி மூலைகளை வளைத்து. இப்படி இரண்டு. தையலுக்கு அரை இஞ்ச் போகும். முன்துண்டில் நெடுக்காக ஒரு பிளவு வெட்டி வாய் வைக்க வேண்டும், மேலிருந்து இரண்டு இஞ்ச் விட்டு ஐந்தரை இஞ்ச் நீளம். முதலில் இதை நட்டநடுவில் வெட்டினேன், பழைய இங்கிலாந்துப் படங்களில் அப்படித்தான் இருந்தது. கட்டிப் பார்த்தால் பையின் பாதி சைடு தையலுக்குப் பின்னால் போய், சைடு ஓப்பன் வழியாக மறுபடி எட்டிப் பார்க்கிறது. அவர்கள் பாவாடைக்கு சைடு ஓப்பன் கிடையாது. இரண்டாவது பையில் பிளவைப் பின் ஓரத்திலிருந்து ஒன்றரை இஞ்சில் வெட்டினேன். இப்போது பை முழுவதும் முன்பக்கத் துணிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது, ஃபோன் தொடையின் முன்பக்கமாகப் படுத்துக்கொள்கிறது. இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் சரிசெய்தது என்று சொன்னால் மிகையில்லை. இடது கைக்காரர்கள் அப்படியே கண்ணாடியில் தெரிவது போல் மாற்றி வெட்டிக்கொள்ளலாம்.

பிளவின் இரண்டு பக்கமும் நாடாவை மடித்து விளிம்பு கட்டி, மேல் முனையிலும் கீழ் முனையிலும் குறுக்காக நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டித் தையல் போட்டேன். இங்கே கஞ்சத்தனம் கூடாது, முதல் கிழிசல் இங்கேதான் வரும். பிறகு இரண்டு துண்டுகளையும் சேர்த்துச் சுற்றிலும் இரண்டு வரி. 14-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் இரண்டரையில். மேல் ஓரத்தை மடித்து நாடா ஓடும்படி முக்கால் இஞ்ச் குழாய் மாதிரித் தைத்தேன். நாடா கட்டும் பேண்ட் போடும் நாளில் அந்தப் பேண்ட் நாடாவையே இதற்குள் கோத்துவிடலாம். லெக்கிங்ஸ் நாளில் தனி நாடா. எலாஸ்டிக் வைத்தும் பார்த்தேன், அரை நாளில் கனத்துக்கு இறங்கிவிடுகிறது.

இனி டாப்ஸில் வேலை குறைவு. சைடு தையலை 15½ இஞ்சிலிருந்து 21 வரை பிரிக்க வேண்டும், பிளேடு வேண்டாம். அந்த 21-க்கும் சைடு ஓப்பன் ஆரம்பிக்கும் 22-க்கும் நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு இஞ்ச். அங்கேயும் உள்ளே ஒரு துண்டு நாடா வைத்துக் கெட்டித் தையல், இல்லாவிட்டால் ஒரே இழுப்பில் வாயும் ஓப்பனும் ஒன்றாகிவிடும். பிரிக்கும் முன்பே மேல் கீழ் முனைகளில் இந்தக் கெட்டித் தையலைப் போட்டுவிடுங்கள். நான் பிரித்த பிறகு போட்டேன், அதற்குள் கீழே இன்னும் அரை இஞ்ச் தானாகப் பிரிந்து போய், மறுபடி சேர்த்து... விடுங்கள். முன் ஓரத்தை உள்ளே மடித்து நாடா வைத்து அடித்தேன். பின் ஓரத்தில் ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு அதே நிறத்தில் ஒரு பட்டி வைத்தேன், குனியும்போது வாய் திறந்தால் உள்ளே தெரியாமல் மறைக்க. அதற்குத் துணி டாப்ஸின் அடி மடிப்பிலிருந்து எடுத்தேன், இரண்டு இஞ்ச் மடிப்பை அரை இஞ்ச் ஆக்கினால் தாராளமாகக் கிடைக்கும். கடைசியாகப் பையின் வாயில் முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று டிச் பட்டன், டாப்ஸின் வாயில் அதற்கு ஜோடி. எடையைத் தாங்க இல்லை, இரண்டு வாயும் நேராக நிற்க மட்டும்.

அணியும்போது முதலில் பை, அப்புறம் டாப்ஸ், அப்புறம் கையை விட்டு இரண்டு பட்டன். பழகினால் பத்து நொடி. ஆபீஸில் பாத்ரூம் போய் வந்தால் பட்டனைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு தொல்லைதான், மறைக்கவில்லை. உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. படி ஏறினால் தொடையில் அடிக்கவில்லை, இடுப்போடு ஒட்டி ஆடுகிறது. கழுத்து சரியவில்லை. ஆட்டோவில் இரண்டு தடவை வேண்டுமென்றே சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன், ஃபோன் வெளியே வரவில்லை. பக்கவாட்டில் லேசாகப் புடைப்பது தெரியும். தெரியட்டும்.

இந்தக் கடைசி முறைக்கு மட்டும் செலவு துணி, நாடா, பட்டன், ஊசி, நூல் எல்லாம் சேர்த்து 130 ரூபாய்க்குள். பை ஒன்றே போதும், அடுத்தடுத்த டாப்ஸ் ஒவ்வொன்றுக்கும் வாய் வைப்பதும் இரண்டு பட்டனும் மட்டும்தான், முக்கால் மணி நேரம். இதுவரை மூன்று டாப்ஸ் முடித்திருக்கிறேன். தோற்ற முயற்சிகளையும் டெய்லரையும் மிஷின் பெல்ட்டையும் கூட்டினால் எங்கேயோ போகும், கெட்டுப்போன ரேயான் டாப்ஸைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். நம்ம ஆபீஸ் பாஷையில் எல்லாம் அவுட் ஆஃப் பாக்கெட்.

அடுத்த தடவை மாற்றப்போவது இரண்டு மூன்று இருக்கிறது. அரை இஞ்ச் நாடா சாயங்காலத்துக்குள் இடுப்பில் கோடு போட்டுவிடுகிறது, ஒரு இஞ்ச் பட்டை நாடா வாங்க வேண்டும். பைக்குள் நடுவில் ஒரு தையல் ஓட்டிச் சாவிக்குத் தனி அறை, இப்போது சாவி ஃபோன் கண்ணாடியை உரசுகிறது. இனி டாப்ஸ் வாங்கும்போது சைடு ஓப்பன் 23 இஞ்சைத் தாண்டி ஆரம்பிக்கிறதா என்று கடையிலேயே டேப் வைத்துப் பார்க்கப்போகிறேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் டேப்பை எடுத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

பெண் தன் ஸ்கூல் சுடிதாருக்கும் வேண்டும் என்கிறாள். அவளுக்குப் பள்ளியில் ஃபோன் அனுமதி இல்லை, எதற்கடி என்று கேட்டேன். "பாக்கெட் மணி வைக்க" என்கிறாள். அதை முதலில் யார் தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் அளவு எடுக்க வேண்டும்.